டிஸ்ப்ளே வரலையா? எப்போதிலிருந்து வரவில்லை என்று சொல்லுங்கள்

"சிபியு ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, லைட்டெல்லாம் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல." கம்ப்யூட்டர் பார்க்கத் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் இந்த வாக்கியத்தை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டியதுதான். என் தொழில் பக்க வடிவமைப்பு. கேபினெட்டைத் திறந்து பார்ப்பது ஆர்வத்தில் தொடங்கி, சொந்தக்காரர்கள் புண்ணியத்தில் வளர்ந்த பழக்கம். அந்த வாக்கியத்துக்கு வாலாக இன்னொன்றும் வரும்: "கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சுன்னு சொல்றாங்க."

சொன்னது யார் என்று நான் கேட்பதில்லை. எப்போது இருண்டது என்று மட்டும் கேட்பேன். பவர் பட்டனை அமுக்கியதிலிருந்தே கருப்பா? லோகோ வந்து, விண்டோஸின் சுழலும் புள்ளிகளும் வந்து, அதன் பிறகு கருப்பா? உள்ளே போய் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கருப்பா? மூன்றுக்குமே ஊரில் "டிஸ்ப்ளே வரல" என்றுதான் பெயர். ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறு, பார்க்க வேண்டிய இடமும் வெவ்வேறு.

காரணம் எளிது. பவர் கொடுத்ததும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ், அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள், முதலில் பிராசஸரையும் ராமையும் சரிபார்க்கிறது. பிறகு கிராஃபிக்ஸ் கார்டைத் தேடுகிறது. கார்டுக்குள் ஒரு சின்னச் சிப்பில் அதற்கென்றே ஒரு குட்டி பயாஸ் இருக்கிறது. அதை ஓடவிட்டுத்தான் திரையில் முதல் படம் வருகிறது. இந்தக் கட்டத்தில் டிரைவர் (விண்டோஸ் கார்டை இயக்கப் பயன்படுத்தும் மென்பொருள்) என்று ஒன்று கிடையவே கிடையாது. கார்டு தன் வலிமையில் துளியளவைக் காட்டி ஒரு சாதாரணப் படத்தை வரைகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் லோகோவும் அந்தப் படத்தின் மேல்தான் வருகிறது. அதற்குப் பின் விண்டோஸ் உண்மையான டிரைவரை ஏற்றும்போதுதான் கார்டு முழுசாக விழிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. லோகோகூட வராத கம்ப்யூட்டருக்கு விண்டோஸை ஃபார்மட் செய்வது, காய்ச்சலுக்குச் செருப்பை மாற்றுவது மாதிரி. அதேபோல, லோகோ தெளிவாக வந்துவிட்டது என்றால் கேபிள், கார்டு உட்காரும் ஸ்லாட், மானிட்டர் எல்லாம் அந்த நொடிவரை ஒழுங்காகவே இருந்திருக்கின்றன. ஸ்க்ரூ டிரைவரை உடனே தேட வேண்டாம்.

முதலில், தொடக்கத்திலிருந்தே கருப்பு என்கிற வகை.

கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதென்றால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் அந்த இடத்துக்கே வரவில்லை. அப்போது ராம், பிராசஸர், பவர் பக்கமும் பார்வை போக வேண்டும். ஒரு விசையை அமுக்கிப் பார்க்கும் செலவில் இவ்வளவு தகவல் வேறெதிலும் கிடைக்காது.

அடுத்து மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பார்க்கவும். சிரிக்காதீர்கள். கேபினெட்டின் பின்பக்கம் மதர்போர்டிலும் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கும், கார்டிலும் இருக்கும். துடைத்துவிட்டுத் திரும்பச் செருகும்போது கை மேலே இருக்கும் துளைக்குத்தான் போகும். பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் மதர்போர்டு துளை வெறும் அலங்காரம். இன்டெலில் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. டெஸ்க்டாப்புக்கான ரைசனில் 5000 வரிசை வரைக்கும் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் உண்டு. 7000 வரிசையிலிருந்து, எஃப் என்று முடிபவை தவிர்த்து, பெரும்பாலானவற்றில் சின்னதாக ஒன்று வைத்துவிட்டார்கள். இதைத் தெரிந்துவைத்திருப்பது பின்னாலும் உதவும். உள் கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு துளையில் மானிட்டரைச் செருகலாம். படம் வந்தால் ராம், பிராசஸர், போர்டு மூன்றும் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போய்விடும்.

இப்போது வரும் போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன: சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்). ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக மின்னி அணையும், அது இயல்பு. எதில் நின்றுவிடுகிறதோ அங்கே கோளாறு. விஜிஏ விளக்கு நின்று எரிந்தால் கார்டு செத்தது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சொல்வது "எனக்குக் கார்டிடமிருந்து சரியான பதில் வரவில்லை" என்பதை மட்டும்தான். சில போர்டுகளில் மானிட்டர் கேபிளைச் செருக மறந்தாலே அந்த விளக்கு எரியும். பழைய போர்டுகளில் விளக்குக்குப் பதில் பீப் சத்தம். அவார்ட் பயாஸ் என்றால் ஒரு நீளம் இரண்டு குட்டை, ஏஎம்ஐ பயாஸ் என்றால் எட்டு குட்டை, இரண்டுமே டிஸ்ப்ளே பக்கம் கைகாட்டும். ஆனால் அந்தச் சத்தம் வரும் குட்டி ஸ்பீக்கரையே இப்போது பல கேபினெட்டுகளில் வைப்பதில்லை.

டிராம் விளக்கில் நின்றால் கார்டை விட்டுவிடுங்கள். அதுவும் டிடிஆர்5 ராம் போட்ட புது மெஷின் என்றால் பொறுமை முக்கியம். முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு ராமோடு பேசிப் பழக சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கருப்புதான். பதற்றத்தில் நடுவில் பவரை நிறுத்தினால் அடுத்த முறை அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அப்படியே திரும்பத் திரும்ப நிறுத்தி, நல்ல கார்டைக் கழற்றித் திருப்பி அனுப்பியவரை எனக்குத் தெரியும்.

பவர் கேபிள் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் பங்குக்குத் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. கார்டின் தலையில் இரண்டு 8 பின் துளை இருந்தால் இரண்டையும் நிரப்ப வேண்டும். ஒன்று போதும் என்று கார்டு சமாதானமாகாது. கேபிளை மறந்தால் சில கார்டுகள் ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிடும், சில சிவப்பு விளக்கு காட்டும், சில திரையிலேயே "கேபிளைச் செருகு" என்று எழுதிக் காட்டும். ஒரு எச்சரிக்கை: பிராசஸருக்கான 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். பிராசஸருடையது 4 + 4 ஆகப் பிரியும், கார்டுடையது 6 + 2. உள்ளே கம்பி வரிசை நேர் எதிர். உருவமே பொருந்தாதபடிதான் செய்திருக்கிறார்கள், அதையும் மீறி அழுத்திச் செருகும் வீரர்கள் உண்டு. இன்னொன்று, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றக்கூடிய மாடுலர் கேபிளை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான வரிசை என்று எதுவும் இல்லை. முனை அழகாகப் பொருந்தும், 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும்.

600 வாட் வரை தாங்கும் புதிய 16 பின் இணைப்பு கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். 2022இல் முதல் கார்டுகள் வந்தபோது சில இணைப்புகள் உருகியது பெரிய செய்தியானது. அதற்குப் பிறகு வந்த திருத்திய வடிவத்தில் நான்கு சின்ன உணர்வு பின்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். இணைப்பு முழுதாக உட்காராவிட்டால் கார்டு வேலையைத் தொடங்கவே செய்யாது. பாதுகாப்புதான், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் "டிஸ்ப்ளே வரல."

இதெல்லாம் சரியாக இருந்தும் கருப்பாகவே நிற்கும் மெஷின்கள்தான் எனக்குப் பிடித்தவை. அக்கா மகனுடைய மெஷின் அப்படி ஒன்று.

கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட். கார்டு வெளியே தெரிய வேண்டும் என்று அதைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தான். ஸ்லாட்டுக்கும் கார்டுக்கும் நடுவே ரைசர் என்கிற பட்டைக் கேபிள். ரைசன் 5 5600, பி550 போர்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ். ஜிடிஎக்ஸ் 1660 கார்டு அதில் பல காலம் ஒழுங்காக ஓடியது. அதைக் கழற்றிவிட்டு யாரிடமோ கைமாறி வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ போட்டான். கருப்பு. விஜிஏ விளக்கு அணையவே இல்லை.

"கார்டு போயிடுச்சு மாமா. வித்தவன் ஏமாத்திட்டான்."

"உன் ஃப்ரெண்டு மெஷின்ல போட்டுப் பாத்தியா?"

"அங்க ஓடுது."

"அப்ப கார்டு போகல."

"அப்ப போர்டு போயிடுச்சு."

பழைய கார்டைத் திரும்பப் போட்டால் அதே போர்டில் படம் வருகிறதே. எஸ்எம்பிஎஸ் மீதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 3060 டிஐ 200 வாட் கார்டு, அதுவும் லோகோ வரும் கட்டத்தில் அதில் சொற்பம்தான் எடுக்கும். சிமோஸை அவன் ஏற்கனவே கிளியர் செய்து, அதாவது பயாஸ் அமைப்பைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, பார்த்திருந்தான், பயனில்லை. ஆக, தனித்தனியாக எல்லாம் நல்லவை, ஒன்றுசேர்ந்தால் மட்டும் இருட்டு. இப்படி வரும்போது பொருள்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் இருந்தது ரைசர்.

ரைசர் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 காலத்தில் செய்தது. 3.0இல் ஒரு தடத்தில் நொடிக்கு 8 ஜிகா டிரான்ஸ்ஃபர், 4.0இல் அது 16. 1660 ஒரு 3.0 கார்டு. அது அந்தக் கேபிளிடம் அதிகம் எதிர்பார்க்கவே இல்லை. 3060 டிஐ 4.0 கார்டு. ஐந்தாயிரம் வரிசைப் பிராசஸரும் பி550 போர்டும் 4.0 பேசும். இரண்டு முனைகளும் "உனக்கும் 4.0 தெரியுமா, எனக்கும் தெரியும்" என்று ஒப்புக்கொண்டு வேகத்தை ஏற்றுகின்றன. நடுவில் இருக்கும் கேபிளை யாரும் கேட்பதில்லை. அந்த வேகத்தில் சிக்னல் குலைந்துபோகிறது, போர்டு கார்டைக் காணோம் என்கிறது.

கார்டை ரைசர் இல்லாமல் நேராக ஸ்லாட்டில் செருகினோம். படம் வந்துவிட்டது. அவன் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது, செங்குத்தாக நிற்கும் அழகு போய்விட்டதே என்று. அதற்கும் வழி உண்டு. அப்படியே பயாஸுக்குள் போய், ஸ்லாட்டின் வேகம் ஆட்டோ என்று இருந்ததை ஜென் 3 (அதாவது 3.0) என்று மாற்றிச் சேமித்தோம். அணைத்துவிட்டு ரைசரை மாட்டிக் கார்டை மறுபடியும் நிறுத்தினால், லோகோ வந்தது. இந்த அளவுக் கார்டுக்கு 3.0இன் 16 தடங்களே தாராளம், விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கவனித்தீர்களா, இங்கே சிமோஸ் கிளியர் செய்வது மருந்தே இல்லை. கிளியர் செய்தால் அமைப்பு மறுபடி ஆட்டோவுக்குப் போகும், அதுதானே கோளாறே. கொஞ்ச காலம் கழித்து அவனிடமிருந்து ஃபோன். திரும்பவும் கருப்பு என்றான்.

"பயாஸ் அப்டேட் பண்ணியா?"

"எப்படி மாமா தெரியும்?"

அப்டேட்டும் அமைப்பை ஆட்டோவுக்குத் திருப்பிவிடும்.

இதே ரகத்தில் இன்னொரு சிக்கல், பழைய கார்டைப் புது போர்டில் போடும்போது வரும். இப்போதைய பயாஸ்களின் யுஇஎஃப்ஐ முறையைப் புரிந்துகொள்ளும் பகுதி பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் பழைய கார்டுகள் பலவற்றின் குட்டி பயாஸில் இல்லை. போர்டில் சிஎஸ்எம் என்கிற பழைய முறைக்கான வசதி அணைந்திருந்தால் அவற்றிலிருந்து படமே வராது. கார்டு நல்ல கார்டுதான், பேசும் மொழி பழசு. வேறு கார்டையோ உள் கிராஃபிக்ஸையோ வைத்து பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும், போர்டில் அந்த வசதி இருந்தால்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் லோகோ வராமல் விண்டோஸ் வந்த பிறகே படம் வருகிறது என்றால், ஹெச்டிஎம்ஐயில் மாற்றிப் பாருங்கள். என்விடியாவின் சில பழைய வரிசைக் கார்டுகள் டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மானிட்டரோடு இப்படி அடம்பிடித்ததற்காக அந்த நிறுவனமே கார்டுக்கு ஒரு ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது.

இனி இரண்டாவது வகை: லோகோ வருகிறது, புள்ளிகள் சுழல்கின்றன, பிறகு கருப்பு. என் வேலை மெஷினிலேயே இது நடந்திருக்கிறது. இரவில் விண்டோஸ் தானாக ஒரு டிஸ்ப்ளே டிரைவரை இறக்கிப் போட்டுக்கொண்டது. காலையில் ஆன் செய்தால் திரை கருப்பு, ஆனால் ஸ்பீக்கரில் வழக்கமான சத்தம் கேட்கிறது. சத்தம் கேட்டால் விண்டோஸ் உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

முதலில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கவும். டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கச் சொல்லும் குறுக்குவழி அது. சில நேரம் அதிலேயே விடிந்துவிடும். இரண்டு திரை வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டரோடு டிவியை இணைத்திருப்பவர்கள், அதையும் ஆன் செய்து பார்க்கவும். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி அணைந்து கிடக்கும் டிவியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கலாம்.

அதிலும் வராவிட்டால் சேஃப் மோட். விண்டோஸ் தொடங்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படித் தடைபட்டால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும், அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். சேஃப் மோடில் கார்டின் டிரைவர் ஏறாது, விண்டோஸின் அடிப்படை டிஸ்ப்ளே மட்டும் ஓடும். அங்கே படம் நிலையாக நின்றால் சந்தேகம் டிரைவர் பக்கம் சாய்கிறது. நான் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்கிற இலவசக் கருவியால் பழைய டிரைவரைத் துடைத்து, முன்பு நன்றாக ஓடிய பதிப்பை வேறொரு மெஷினில் இறக்கிக் கொண்டுவந்து போட்டேன். இன்டர்நெட்டைப் பிடுங்குவது முக்கியம். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்த வேகத்தில் விண்டோஸ் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்.

இந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்வது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரிடம். டிஸ்க் பூட்டியிருந்தால், சேஃப் மோடுக்குப் போகும்போதோ பயாஸ் அமைப்பை மாற்றிய பிறகோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று, எதிலும் கைவைப்பதற்கு முன்பே ஃபோனில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் இ (e) என்ற விசையை அமுக்கி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் முடிவில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்கிப் பார்க்கலாம். சேஃப் மோடுக்கு அது கிட்டத்தட்ட ஈடு.

மூன்றாவது வகை, வேலை நடுவே இருள்வது. இங்கே கேள்வி ஒன்றுதான்: திரை மட்டும் இருண்டதா, மெஷினே அணைந்து மறுபடி தொடங்கியதா? மெஷினே விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். பெரிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தங்கள் வாட் கணக்கைத் தாண்டி இழுக்கும், வயதான எஸ்எம்பிஎஸ் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும். திரை மட்டும் ஒரு கணம் இருண்டு திரும்பினால், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் இருக்கிறதா என்று தேடவும். கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை உலுக்கி எழுப்பியதன் பதிவு அது. எப்போதாவது வந்தால் டிரைவராக இருக்கலாம். சேஃப் மோடில் துடைத்து, வேறு வேறு பதிப்பு போட்டும் ஓயவில்லை என்றால் கார்டின் சூடு, அதன் மெமரி, பவர் என்று போக வேண்டும்.

திரையில் கோடுகளும் சதுரக் கட்டங்களும் நிறப் புள்ளிகளும் வருவது தனி ரகம். பயாஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் கோடு தெரிகிறது, கேபிளையும் மானிட்டரையும் மாற்றினாலும் தெரிகிறது என்றால், டிரைவருக்கு இதில் பங்கே இல்லை. கார்டில் இருக்கும் மெமரி சிப்போ, பிராசஸர் சிப்போ தளர்ந்துவிட்டது. இதற்குத்தான் கார்டை ஓவனில் வைத்துச் சுடு என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. ஈயம் இல்லாத சாதாரண சால்டர் உருகவே சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கு முன்பே பிளாஸ்டிக்கும் கெப்பாசிட்டரும் படாதபாடு படும். சூட்டில் சிப்புக்குள் இருக்கும் இணைப்புகள் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு சில வாரம் ஓடியதை வைத்து "சரியாயிடுச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். சமைக்கும் ஓவனில் அதன் புகையை ஏற்றவும் வேண்டாம். மெமரி சிப்பை மாற்றத் தெரிந்த, அதற்கான மெஷின் வைத்திருக்கிற ஆளிடம் கொடுப்பது ஒன்றே வழி.

அப்படிக் கொடுப்பதற்கு முன் கார்டை வேறொரு மெஷினில் போட்டுப் பாருங்கள். அந்த மெஷினின் எஸ்எம்பிஎஸ் போதுமானதா, கேபிள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. அங்கேயும் அதே கட்டத்தில் அதே மாதிரி இருண்டால் கார்டுதான். வாரண்டி இருந்தால் ஹீட்சிங்க் ஸ்க்ரூவில் கைவைக்க வேண்டாம். சர்வீசுக்குக் கொடுக்கும் சீட்டில் "டிஸ்ப்ளே வரல" என்று எழுதாமல், எந்தத் திரைவரை வந்து நின்றது, எந்த விளக்கு எரிந்தது, எந்த மெஷின்களில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கோடுகளை ஃபோனில் படம் எடுத்துக் கூடவே கொடுங்கள். கொடுத்த நேரத்தில் மட்டும் எந்தக் கோளாறும் காட்டாமல் நல்ல பிள்ளையாக ஓடும் கார்டுகள் நிறைய உண்டு.